மெமரி லிமிட்டை ஏற்றுவதா, ஸ்கிரிப்டை மாற்றுவதா?

இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக வேலையை ஓட்டும் வசதி) ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்ட் அது. ஆர்டர் டேபிளை வாசித்து சிஎஸ்வி எழுத வேண்டும், அவ்வளவுதான். உபுண்டு லேப்டாப்பில் ஒழுங்காக ஓடியது டாக்கர் கன்டெய்னரில் (புரோகிராமைத் தனிப் பெட்டியாக ஓட்டும் முறை) போட்டதும் படுத்துவிட்டது: 134217728 பைட் நினைவகம் தீர்ந்ததாம். கணக்குப் போட்டால் 128 எம்பி, பிஎச்பியின் இயல்பு வரம்பு. உபுண்டு தன் கமாண்ட்லைன் பிஎச்பிக்கு வரம்பே இல்லாதபடி -1 வைத்துத் தருகிறது. டாக்கரின் அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜிலோ பிஎச்பியின் அமைப்புகளை வைக்கும் php.ini ஃபைல் இயல்பாக இருக்காது, அதனால் அந்த 128 எம்பிதான். எர்ரர் காட்டிய வரி சிஎஸ்வி எழுதும் வரி. பாவம், அதன் மேல் தப்பில்லை. வண்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது, கடைசியாக ஏற வந்தது மாட்டிக்கொண்டது.

லிமிட்டை ஏற்ற நினைத்தால், அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் கமாண்டில் மைனஸ் டி (-d memory_limit=512M) கொடுத்து 512 எம்பி ஆக்குவது நல்லது. ஐஎன்ஐயில் கை வைத்தால் எல்லா ஸ்கிரிப்டுக்கும் கதவு திறந்துவிடும். பிஎச்பி லைப்ரரிகளை இறக்கித் தரும் கம்போசர் மாதிரி அடுத்தவர் எழுதிய டூல் என்றால் லிமிட்டை ஏற்றுவதே சரி. அதன் உள்ளே போய் நாம் என்ன திருத்த முடியும்?

சர்வரில் -1 மட்டும் எனக்குப் பிடிக்காது. பிஎச்பி எந்த வரி என்றாவது சொல்லிவிட்டு விழும். வரம்பை எடுத்துவிட்டால், நினைவகம் தீரும்போது லினக்ஸ் கெர்னல் நேராகக் கொன்றுவிடும்; கையில் மிஞ்சுவது 137 என்ற எக்ஸிட் கோடு மட்டும்.

நம் சொந்த ஸ்கிரிப்ட் என்றால் வாசிக்கும் முறையை மாற்றுவதற்குத்தான் என் ஓட்டு. மொத்த வரிசைகளையும் அரேயில் அள்ளாமல், ஜெனரேட்டர் (கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தரும் ஃபங்ஷன்) வைத்து ஒவ்வொன்றாக எடுக்கலாம்; பிஎச்பி 5.5 முதலே இருக்கிறது. ஆனால் ஜெனரேட்டர் மட்டும் போட்டு நான் ஏமாந்தேன். மைஎஸ்க்யூஎல்லில் இருந்து வரும் முழு விடையையும் பிடிஓ (பிஎச்பியை டேட்டாபேஸோடு இணைக்கும் பகுதி) இயல்பாக முதலிலேயே நினைவகத்தில் இறக்கிக்கொள்கிறது. அப்படிச் சேர்த்துவைக்கும் பஃபரை அணைத்த பிறகுதான் நினைவகத்தின் உச்ச அளவு இறங்கியது.

அதற்கும் ஒரு விலை உண்டு. கடைசி வரிசை வரும்வரை அதே கனெக்‌ஷனில் வேறு க்வெரி போட முடியாது. லூப்புக்குள் வாடிக்கையாளர் பெயரைத் தேடிய என் க்வெரி உடனே உதைத்தது. இன்னொரு கனெக்‌ஷன் திறக்கலாம். நான் முதல் க்வெரியிலேயே ஜாயின் போட்டு (இரண்டு டேபிளையும் இணைத்து) அந்த க்வெரியையே தூக்கிவிட்டேன்.