எக்ஸெல் சார்ட் டெம்ப்ளேட்: மேட்டூர் கிராஃப் போடுறவங்களுக்கு ரொம்ப உதவும்

பாசனத்துக்கு மேட்டூர் அணைய வழக்கமா தொறக்குற ஜூன் 12 நெருங்குனாலே டெல்டா முழுக்க மேட்டூர்ல இன்னைக்கு எத்தன அடிங்கறது தான் பேச்சு. எங்க ஊரு கும்பகோணம் பக்கம், வெவசாயிங்க வாட்ஸ்ஆப் குரூப்புக்கு நீர்மட்டத்த கிராஃபா போட்டு அனுப்புறோம், நீல கோடு நீர்மட்டம், அணையோட முழு மட்டமான 120 அடில செவப்பா ஒரு கோடு, பெரியவங்க போன்ல படிக்கணும்னு எழுத்து நல்லா பெருசா. இத வருசா வருசம் மொதல்லேருந்து கலர் மாத்தி ஃபாண்ட் மாத்தி செய்யவே வேணாம்ங்க.

ரெடியான சார்ட்ல ரைட் கிளிக் பண்ணி சேவ் ஆஸ் டெம்ப்ளேட், ஒரு பேரு, அவ்ளோதான். அப்புறம் புது டேட்டாவ செலக்ட் பண்ணிட்டு இன்சர்ட்ல ரெக்கமண்டட் சார்ட்ஸ், ஆல் சார்ட்ஸ், அதுல டெம்ப்ளேட்ஸ்னு போனா அதே அழகுல வந்து நிக்கும்.

பழைய சார்ட்டயே காப்பி பண்ணி புது ஃபைல்ல ஒட்டுனா போதாதான்னு கேப்பாங்க. ஒட்டலாம், ஆனா சும்மா பேஸ்ட் பண்ணுனா அந்த சார்ட் பழைய ஃபைலோட நம்பரயே புடிச்சிட்டு இருக்கும், பாக்க எந்த சந்தேகமும் வராது. போன வருச கோட்ட பாத்துட்டு ஒருத்தர் குறுவைக்கு நாத்து விட்டுட்டாருன்னா என்ன பண்றது? டெம்ப்ளேட்ல டேட்டாவே கிடையாது, தோற்றம் மட்டும் தான், எனக்கு இதுல ரொம்ப புடிச்சதே அது தான்.

ஒண்ணு மட்டும் கவனிக்கணும். ஆக்சிஸ்ல மேக்சிமம் 130னு நாமளா குடுத்து வச்சிருந்தா அதுவும் டெம்ப்ளேட்டோட வந்துரும். நீர்மட்டத்துக்கு அது நல்லது தான், எல்லா வருசத்தையும் ஒரே அளவுல வச்சு பாக்கலாம், டிஎம்சி போட்டாலும் அடங்கிரும், மேட்டூரோட முழு கொள்ளளவே 93.47 தானே. ஆனா நீர்வரத்த கன அடில போட்டீங்கன்னா நம்பர் ஆயிரக்கணக்குல இருக்கும், கோடு சார்ட்டுக்குள்ளயே தெரியாது. ஃபார்மட் ஆக்சிஸ்ல மேக்சிமம் பக்கத்துல இருக்குற ரீசெட்ட அமுக்குங்க, சரியாயிரும். அதே மாதிரி கலர் போறது சீரிஸ் (ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ள டேட்டா) வரிசைப்படி தான், பேர பாத்து இல்ல, அதனால நீர்மட்டம் மொதல்ல, 120 ரெண்டாவதுன்னு எல்லா ஷீட்லயும் ஒரே மாதிரி வைங்க.

பிரவுசர்ல தொறக்குற எக்ஸெல்ல டெம்ப்ளேட் சேவ் பண்ண முடியாது, கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ணுனது தான் வேணும். கிராமத்துல எத்தன பேருகிட்ட அது இருக்கு, இதுக்காகவே 5க்கு 4 தான் குடுக்கறேன்.