மண்டபம் படகுச் சுற்றுலாவுக்கு மதுரையில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

‘கண்ணாடிப் படகில் தீவுப் பயணம், லைஃப் ஜாக்கெட், மதியம் மீன் சாப்பாடு, வேன் கட்டணம் உட்பட’ என்ற விளம்பரம் கோடை விடுமுறையை ஒட்டி மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடியும் சுற்றத் தொடங்கியிருக்கிறது. பொங்கல் விடுமுறையில் இதே விளம்பரத்தையும் இதே படங்களையும் பார்த்து, நண்பர்களும் குடும்பத்தாருமாகப் பதினோரு பேர் பணம் கட்டிப் போனோம். சொன்னவற்றில் வேனைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. அதைவிடப் பெரிய குற்றம், ஏழு வயதுக் குழந்தையை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் காற்று அடிக்கும் கடலுக்குள் அனுப்பியது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருப்பதால் அந்த ஏஜென்சியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களின் பெயர்ப்பலகை இதற்குள் ஒருமுறை மாறியும் விட்டது. ஆகவே பெயரைவிட, ஏமாற்றும் முறையைத் தெரிந்துகொள்வதே உங்களுக்கு உதவும்.

எங்கள் நண்பர்கள் குழுவுக்குக் கடல் புதிதன்று. சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால், பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓட்டி, ராமேசுவரத்துக்கு முன்னால் உள்ள கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் போய்விடுவது வழக்கம். தொண்டி அருகே காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போயிருக்கிறோம். பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும் போயிருக்கிறோம். அந்த இடங்களில் ஜாக்கெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்த பிறகே படகில் ஏற விட்டார்கள். பொங்கலுக்கு வயதானவர்களும் குழந்தையும் சேர்ந்துகொண்டதால், வண்டி, படகு, சாப்பாடு மூன்றையும் ஒரே இடத்தில் பேசிவிடலாம் என்று பெரியார் பேருந்து நிலையம் அருகே ஒரு மாடியில் இருந்த அந்த ஏஜென்சியை அணுகினோம்.

தலைக்கு 2,400 ரூபாய், குழந்தைக்கும் அதே கட்டணம், முழுத் தொகையும் முன்கூட்டியே வேண்டும் என்றார்கள். ரசீது கேட்டபோது, “எல்லாம் வாட்ஸ்அப்லயே வந்துரும் சார்” என்று பதில் வந்தது. வந்தது ஒரு வண்ணப்படம். அதில் எங்கள் பெயரும், தேதியும், ‘உறுதி செய்யப்பட்டது’ என்ற சொல்லும் இருந்தன. படகு எது, உரிமையாளர் யார், எந்தப் படகுத்துறையிலிருந்து புறப்படும், எத்தனை பேர் ஏற்றப்படுவார்கள் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. பிற்பாடு எங்கள் நண்பர் ஒருவர் விளம்பரப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். கண்ணாடிபோன்ற நீலத் தண்ணீரில் நிற்கும் அந்தப் படகுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று ஒரு மலை தெரிகிறது. மண்டபத்தில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் மலை தெரியாது. இப்போது சுற்றும் விளம்பரத்திலும் அதே படகு, அதே மலை.

அந்தப் பகுதியின் கடலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மண்டபமும் பாம்பனும் இரண்டு கடல்களுக்கு நடுவே இருக்கின்றன. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடகடல், தென்கடல் என்பார்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்தால் நிலைமை தலைகீழாகும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. ஆழமில்லாத கடல்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழம் குறைந்த இடத்தில் காற்று அடித்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டும் எழும். சிறு படகுக்கு அதுதான் ஆபத்து. இது அங்கே மீன்பிடிக்கும் எவருக்கும் தெரியும். பணம் வாங்கிய ஏஜென்சிக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலைப்படவில்லை.

எங்களுக்கு விற்கப்பட்டது தென்கடல் தீவுப் பயணம். மண்டபம் போய் இறங்கியதும், வேனில் உடன் வந்த ஏஜென்சி ஆள், “தென்கடல்ல இன்னைக்குப் பர்மிஷன் கிடைக்கலண்ணே, வடக்குப் பக்கம் போயிரலாம், அங்கயும் நல்லாத்தான் இருக்கும்” என்றார். இதில் ‘இன்னைக்கு’ என்பதே பொய். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்க முடியாது. துறையே நடத்தும் பயணத்தைத் தவிரத் தனியார் ஏஜென்சி நினைத்த நாளில் நினைத்த தீவுக்குக் கூட்டிப்போகும் வழி கிடையாது. அனுமதி அன்று தவறிப்போகவில்லை. பணம் வாங்கிய நாளிலேயே அவர்கள் கையில் அது இருக்கவில்லை.

வடக்குக் கரையில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பொங்கலுக்காக நிற்கின்றன என்று சொன்னார்கள். காற்றும் ஒரு காரணம் என்று படகோட்டி பிறகு சொன்னார். எங்களுக்காக நின்றது கண்ணாடிப் படகு அல்ல, அவுட்போர்டு என்ஜின் மாட்டிய ஃபைபர் வள்ளம். முதல்நாள் மீன் ஏற்றிய வாடை போகவில்லை. உட்காரக் குறுக்குப் பலகை இரண்டு. மற்றவர்கள் வலை மூட்டையின் மேல் அமர வேண்டியிருந்தது. பதினோரு பேருக்கு ஐந்து லைஃப் ஜாக்கெட். “கரைல போலீஸ் கேட்டா மட்டும் போட்டுக்கங்க” என்று ஏஜென்சி ஆள் சொன்னதை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அந்த ஜாக்கெட்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பார்த்த மாத்திரத்தில் எவரும் கண்டுபிடிக்கக்கூடியது அது. ஆரஞ்சு நிறம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. இரண்டில் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒன்றின் ஓரத் தையல் பிரிந்து உள்ளே இருந்த நுரைத் தகடு வெளியே தெரிந்தது. விரலால் அழுத்தியபோது அமுங்கிய பள்ளம் மீளவில்லை, விளிம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. நல்ல ஜாக்கெட்டில் அழுத்தியவுடன் நுரை பழைய நிலைக்கு வரவேண்டும். நெஞ்சில் ஒரு விசில், தோளில் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை, தொடைகளுக்கு இடையே மாட்டும் வார் ஆகியவை நல்ல ஜாக்கெட்டில் இருக்கும். இவற்றில் ஒன்றுகூட அங்கே இல்லை. குழந்தைக்கான அளவும் இல்லை. பெரியவர்களுக்கான ஒன்றையே நண்பரின் மகளுக்கு மாட்டினார்கள். அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கியதும் அது தலைவழியாகக் கழன்று அவள் அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. தண்ணீரில் விழுந்தால் முதலில் நடப்பதும் அதுதான்: ஜாக்கெட் மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவும். அவளையும் அம்மாவையும் ஏற்ற வேண்டாம் என்று வாதாடினோம். “ஏறலன்னா பணம் திரும்ப வராது, அதுக்கு நாங்க பொறுப்பில்ல” என்றார் அந்த ஆள். கரையோரமாகத்தான் போகும், அரைமணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று அவர் கையடித்துச் சொன்ன பிறகே எல்லோரும் ஏறினார்கள், அவர் ஏறவில்லை.

கரை சிறுத்து ஒரு கோடாகத் தெரியும் தூரம் போனபிறகு என்ஜின் இருமிவிட்டு நின்றது. எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்தது. ஓட்டம் நின்ற வள்ளம் பக்கவாட்டில் திரும்பி, அலைகளை விலாவில் வாங்கி உருளத் தொடங்கியது. இரண்டு பேருக்குக் குமட்டல் வந்து ஒரே பக்க ஓரத்துக்கு நகர்ந்தார்கள். அந்த விளிம்பு தண்ணீரைத் தொட்டு ஒரு வாளி அளவு உள்ளே வாரிக்கொண்டது. “யாரும் எந்திரிக்காதீங்க, கீழ உக்காருங்க” என்று படகோட்டி கத்தினார். முன்பக்கம் போய் நங்கூரத்தை இறக்கினார். கடல் ஆழமில்லாததால் அது உடனே பிடித்தது. வள்ளத்தின் முகம் காற்றுக்கு நேராகத் திரும்பியதும் உருளல் அடங்கியது. பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றி, வாயால் உறிஞ்சித் துப்பி, மறுபடி மாட்டி, கயிற்றை இழுத்து இழுத்து என்ஜினைக் கிளப்பினார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் அந்தத் தம்பிதான் அன்று எங்களை உயிரோடு கரை சேர்த்தவர். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கரையில் இறங்கிய பிறகு அவர் சொன்னதில்தான் முழு ஏமாற்றும் வெளிப்பட்டது. “மூணாவது ஆள் சொல்லி வந்தேண்ணே. டீசலு, கூலி எல்லாஞ் சேத்து நாலாயிரம் பேசுனாங்க. ஆறு பேருன்னுதான் சொன்னாங்க. சாப்பாடு, தீவு அதெல்லாம் எனக்குத் தெரியாது.” மதுரை ஏஜென்சி ராமநாதபுரத்தில் ஒருவரிடம் பேச, அவர் மண்டபத்தில் ஒருவரிடம் பேச, அவர் மீன்பிடி வள்ளம் வைத்திருப்பவரை அழைத்திருக்கிறார். நாங்கள் கொடுத்த 26,400 ரூபாயில் படகுக்குப் போனது நாலாயிரம். மற்ற பணம் இடையில் நின்றவர்களுக்குப் போனது. அவர்களில் ஒருவருக்கும் படகு இல்லை, ஒருவரும் கடலுக்குள் வரவில்லை. ஏதாவது நடந்திருந்தால் வழக்கு அந்தத் தம்பியின் மேல்தான் விழுந்திருக்கும். மீன்பிடிக்கப் பதிவான படகில் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்ற அனுமதி கிடையாது என்பதால், அவர் தப்பித்திருக்கவும் முடியாது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆளேற்றி ஓட்டியது அது. நம் தேனிக்கு அப்பால் தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று பயணிகள் ஒரு பக்கம் குவிந்தபோது படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அமைதியான ஏரி அது. எங்கள் வள்ளத்தில் இரண்டு பேர் ஒரு பக்கம் நகர்ந்ததற்கே தண்ணீர் உள்ளே வந்தது.

அன்று மதியச் சாப்பாடு எங்கள் காசில், நான்கு மணிக்குமேல் சாலையோரக் கடையில் நடந்தது. சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் நண்பர் அதுவரை பிஸ்கட்டில் சமாளித்தார். தொலைபேசியில் ஏஜென்சி உரிமையாளர் சொன்னது இது: “காத்து அடிச்சா நாங்க என்ன சார் பண்ண முடியும்? அடுத்த ட்ரிப்புல தலைக்கு 300 ரூபாய் குறைச்சுக்கிறோம்.” மறுவாரம் நேரில் போனபோது அலுவலகம் பூட்டியிருந்தது, அடுத்த மாதம் அதே மாடியில் வேறு பெயர், அதே மேசை, அதே ஆள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தோம். பதில் இல்லை என்று தெரிந்ததும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விருதுநகரிலோ திண்டுக்கல்லிலோ இருந்து பணம் கட்டியவர்கள் இதற்காக மதுரைக்கு அலைய வேண்டியதில்லை.

இந்தக் கோடையில் ஏமாற்றுவது இன்னும் எளிது என்று அஞ்சுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாமல் கரையில் இருக்கும் தொழிலாளியிடம் நாலாயிரத்தை இரண்டாயிரமாகப் பேசுவார்கள். கச்சான் எழும் நேரத்தில் தென்கடல் பயணம் என்று விற்பார்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கடலை நேசிப்பவன் நான். காரங்காட்டுக்கும் குருசடைக்கும் நேரே போய் அங்கேயே சீட்டு வாங்குங்கள். காற்று பலமாக இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், ஏமாற்றமாக இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். தனியாரிடம்தான் போவதென்றால் படகின் பதிவு எண்ணையும், உரிமையாளர் பெயரையும், ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கே படகே இல்லை என்று பொருள். படகையும் ஜாக்கெட்டையும் கண்ணால் பார்க்கும்வரை பாதித் தொகைக்குமேல் கொடுக்காதீர்கள். கரையில் நிலைமை சரியில்லை என்றால் கடலோரப் பாதுகாப்புக் காவல்துறையின் 1093ஐ அழையுங்கள். கடலுக்குள் சிக்கிக்கொண்டால் கடலோரக் காவல்படையின் எண் 1554. இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே போனில் பதிந்துவையுங்கள்.

பச்சை மலை தெரியும் அந்தப் படத்தோடு வந்த விளம்பரத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், பயண நாள்வரை காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன விவரங்களை இன்றே வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதில் வராவிட்டால் ரத்து செய்வதாக எழுதிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், விளம்பரத்தையும் பணம் அனுப்பிய விவரத்தையும் உரையாடலையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவையுங்கள். எங்கள் மனுவோடு நாங்கள் இணைத்த சான்றுகளில் ஆணையத்தில் முதலில் கேட்கப்பட்டது அந்த ஸ்க்ரீன்ஷாட்டுகள்தான்.