ட்ரிகர் மாற்றி மூன்றரை வருஷம்: பாம்பன் பக்கத்து மண்டபம் ஊர் உப்புக்காற்றில் ஒரு ஏர் பிஸ்டல்

அமெரிக்காக்காரர் ஒருவர் சாப்பாட்டு மேஜையில் துணியை விரித்து, 9 எம்எம் பிஸ்டலுக்கு ட்ரிகர் மாற்றும் வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதைப் பார்த்துவிட்டு, "நீயும் இதைத்தானே மாப்ள வீட்ல செஞ்சே?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. என்னுடையது 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தில் தள்ளுவது. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குக் குறைவான இந்த வகைக்கு லைசென்ஸ் வேண்டாம். என்னுடையது 6 ஜூல் பக்கம்தான் வரும். தோட்டா போடும் துப்பாக்கி வேறு கதை. 1959ஆம் வருஷச் சட்டத்தில் அதை ரிப்பேர் செய்வதற்கே தனி லைசென்ஸ் உண்டு. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது என்பதற்காக அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நான் மாற்றியதுகூட முழு ட்ரிகர் இல்லை. விரல் படுகிற பிளேடு மட்டும். உள்ளே சியர் என்று ஒரு கொக்கி இருக்கிறது. காற்று வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அதை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

பிஸ்டலை 2021இல் பழையதாக வாங்கினேன். விற்றவர் என்னைவிட ஒரு சாண் உயரம், விரலும் அப்படியே. அந்தத் தட்டையான பிளேடை எவ்வளவு பின்னுக்குத் தள்ளினாலும் என் விரல் நுனிதான் எட்டியது. முதல் கணுவுக்கு மேலே இருக்கும் சதைப்பகுதியின் நடுவில் பிளேடு உட்கார வேண்டும். நுனியால் இழுத்தால் கடைசி நொடியில் பிஸ்டல் பக்கவாட்டில் ஒரு நூல் நகரும். 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான், அந்த ஒரு நூலில் 10 போய் 8 வரும். என் இலக்கு அட்டைகளில் குண்டுகள் எல்லாம் இடது பக்கமாகவே ஒதுங்கிக் கிடக்கும், கரையொதுங்கிய பாசி மாதிரி.

2022 ஆடியில் புது பிளேடு வந்தது. முன்பின் நகரும், இடம் வலம் சாயும், மேலே சொரசொரப்பான வரி. காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, குழல் காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, 1.5 மி.மீ. ஆலன் கீயால் எம்3 ஸ்க்ரூவைத் திருகினேன். வரவில்லை. பழைய ஸ்க்ரூ துருவேறி அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. அழுத்தித் திருகியிருந்தால் தலை வழுக்கியிருக்கும். படகு எஞ்சின் பார்க்கும் தம்பி ஒருவன் சாலிடரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ மேல் ஒரு நிமிஷம் வைத்துச் சூடாக்கிவிட்டு, "இப்பத் திருப்புங்கண்ணே" என்றான். திரும்பியது. அதன்பிறகு மாற்றும் வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது.

வீட்டுக்குப் பின்னால் அப்பா காலத்துக் கருவாட்டு வாடி சும்மா கிடந்தது. உள் நீளம் 12 மீட்டர். ஒரு கோடியில் இரும்புப் பெட்டிக்குள் அட்டை, நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில். கதவுக்கு உள்தாழ்ப்பாள். அந்த வாடிதான் என் ரேஞ்ச். கருவாட்டு வாசனை இன்னும் போகவில்லை, பூனைகளும் வருவதை நிறுத்தவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் சுடுவதற்கு முன்னால் பூனை எண்ணிக்கை எடுப்பது என் பாதுகாப்பு விதிகளில் ஒன்று.

புது பிளேடில் முதல் வாரம் புள்ளிகள் இறங்கின. விரல் பழைய இடத்தையே தேடியது. வெறும் சுவரைப் பார்த்து, குண்டில்லாமல், டிரை ஃபயரில் தினம் நூறு தடவை இழுத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத்தான் இடப்பக்க ஒதுக்கம் குறைந்தது. 60 குண்டில் 531, 534 என்று நின்றவன் 545ஐத் தாண்டினேன். பிளேடுக்கு எவ்வளவு, அந்த ஒன்றரை மாதப் பயிற்சிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

இனி எடை விஷயம். போட்டி விதியில் ஏர் பிஸ்டல் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். காற்று ஏற்றி, சுடத் தயார் நிலையில், குழல் வானத்தைப் பார்க்க, ட்ரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், விடுபடக் கூடாது. மூன்று வாய்ப்பு. என் ட்ரிகர் இரண்டு கட்டம் உள்ளது. முதல் கட்டம் நெகிழ்ந்து வரும், ஒரு இடத்தில் சுவரில் முட்டின மாதிரி நிற்கும், அதற்குமேல் கொஞ்சம் அழுத்தினால் விடுபடும். முதலில் 380, பிறகு 120 என்று பிரித்து வைக்க ஆசை. அளக்க எடை வேண்டுமே? மாமாவின் மீன்கடையிலிருந்து அரைக்கிலோ எடைக்கல்லைக் கொண்டுவந்து, பாலிதீன் பையில் போட்டு, தங்கூஸ் நரம்பில் கட்டித் தொங்கவிட்டேன். தாங்கியது. மூன்று தடவையும் தாங்கியது. நிம்மதியாக மதுரையில் ஒரு போட்டிக்குப் போனேன்.

அங்கே சோதனை மேஜையில் முதல் தூக்கிலேயே டக். இரண்டாவது, டக். மூன்றாவதும். போட்டிக்கு முந்தைய சோதனை என்பதால் திருத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். முடிந்தபின் நடக்கும் சோதனையில் இப்படி ஆகியிருந்தால் தகுதிநீக்கம்தான். அவசரத்தில் திருகாணியை இறுக்கி, பழக்கமில்லாத ட்ரிகரோடு 60 குண்டும் சுட்டேன். 526.

ஊருக்குத் திரும்பும் வழியில் ராமநாதபுரத்தில் தெரிந்த நகைக்கடைத் தராசில் அந்தக் கல்லை வைத்தேன். 487 கிராம். மாமாவிடம் கேட்டேன். "அது எங்கப்பா காலத்துக் கல்லு மாப்ள. உப்பு தின்னுருச்சு" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தது: "கல்ல உப்பு தின்னுச்சு, சரி. மிச்சக் காச யாரு தின்னா?"

இப்போது என்னிடம் 500 கிராம் பித்தளை எடை சொந்தமாக இருக்கிறது. ட்ரிகரை 515இல் வைத்திருக்கிறேன். 500ஐ ஒட்டி வைத்தால் ஒரு பெருமை, அவ்வளவுதான். 15 கிராம் கூடுவது விரலுக்குத் தெரியவே தெரியாது. விரலுக்குத் தெரிவது வேறு: நேற்று விடுபட்ட இடத்தில் இன்றைக்கும் விடுபடுகிறதா என்பது. இந்தக் கரையில் அதைக் காப்பாற்றுவதுதான் வேலை.

எங்களுக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். கச்சான் காற்று அடித்தால் தென்கடல் உப்பு, வாடை அடித்தால் வடகடல் உப்பு. 1914இல் திறந்த பாம்பன் பாலத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். இந்த ஸ்க்ரூ எந்த மூலைக்கு? முதல் வருஷம் சாதா ஸ்டீல் ஸ்க்ரூ ஆறு மாதத்தில் பழுப்பேறியது. அடுத்து ஸ்டெயின்லெஸ் 304 போட்டேன். பரவாயில்லை, ஆனால் தலைக்குழியில் டீக்கறை மாதிரி புள்ளிகள் வந்தன. படகுச் சாமான் கடையில் கேட்டு 316 வாங்கிப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது, சுத்தமாக இருக்கிறது. மாலிப்டினம் கலந்தது அது. மரையில் நீல லாக்டைட் ஒரு சொட்டு, ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை அது. சிவப்பு போட்டுவிடாதீர்கள், பிறகு சூடு காட்டினால்தான் கழலும்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம், ட்ரிகர் உள்ளுக்குள் துருவுக்கு எல்லோரும் அடிக்கிற ஸ்பிரேயை அடித்தது. அன்றைக்கு வெண்ணெயாய் நகர்ந்தது. உள்ளே இருந்த நல்ல கிரீஸைக் கழுவிவிட்டு, மூன்று வாரத்தில் அதுவே காய்ந்து பிசினாகி, தூசியையும் பிடித்துக்கொண்டது. முதல் கட்டம் ஒருநாள் இழுத்தபடி வந்தது, மறுநாள் தட்டித் தட்டி வந்தது. தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துக் கழுவி, ஊசி முனையளவு கிரீஸ் வைத்த பிறகுதான் சரியானது.

இன்னொன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மதுரையிலிருந்து ஏசி காரில் வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த உலோகத்தின்மேல் நம்மூர்ப் புழுக்கம் பட்டால் பிஸ்டல் முழுக்க வேர்க்கும். ஒரு மணி நேரம் மூடியே கிடக்கட்டும். ஈயக் குண்டு டப்பாவிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைக்கிறேன், இல்லாவிட்டால் குண்டு மேல் வெள்ளைப் பொடி பூத்துவிடும். அந்தப் பொடியும் ஈயம்தான். கையைக் கழுவாமல் வடையை எடுக்கக் கூடாது.

எலக்ட்ரானிக் ட்ரிகருக்கு மாறலாமே என்று கேட்கிறார்கள். சுட்டுப் பார்த்திருக்கிறேன், கண்ணாடி முறிகிற மாதிரி துல்லியம். ஆனால் எங்கள் வீட்டு டிவி ரிமோட்டே ஒரு வருஷம் தாங்குவதில்லை.

காற்றுக்கு முதலில் கைப்பம்ப்தான். 200 பார் அழுத்தம் ஏற்றுவதற்குள் தோள் கழன்றுவிடும். போதாததற்கு நம் காற்றிலிருக்கும் ஈரமும் உள்ளே போகும். இப்போது கடலுக்குள் முங்குகிற நண்பரின் ஸ்கூபா சிலிண்டரிலிருந்து ஏற்றுகிறேன். வெல்டிங் கடை ஆக்சிஜனை ஏற்றச் சொன்ன புண்ணியவானும் உண்டு. ஆக்சிஜனும் கிரீஸும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். அவரிடம் அதற்குப் பிறகு நான் எந்த யோசனையும் கேட்டதில்லை.

மூன்றரை வருஷத்தில் பிளேடு தேயவில்லை. சொரசொரப்பு மட்டும் என் விரல் படுகிற இடத்தில் கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. ஸ்க்ரூ இறுக்கத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கிறேன், எடையை மாதம் ஒருமுறை. போன மாதம் 60 குண்டில் 551 புள்ளி. சிலிண்டருக்கு அடுத்த வருஷம் பத்து வருஷக் கெடு முடிகிறது, புதுசுக்கு விலை கேட்டிருக்கிறேன். மாமா கடையில் இப்போது எலக்ட்ரானிக் தராசு; பழைய கல் வாடிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறது.