கைடோர்ச்சா, தலைவிளக்கா?

நள்ளிரவில் நாய் விடாமல் குரைக்கிறது. கிணற்றடியில் ஏதோ சத்தம். யாழ்ப்பாணத்து வளவில் படலை வரை போய்ப் பார்ப்பவருக்கு எந்த வெளிச்சம் நல்லது?

தலைவிளக்கு இரு கைகளையும் விடுவிக்கிறது. படலையைத் திறக்கலாம், தொலைபேசியை எடுக்கலாம். ஆனால் ஒளி கண்மட்டத்திலிருந்தே புறப்படுவதால் நிழல்கள் தெரிவதில்லை, நிலம் தட்டையாகிவிடுகிறது. மாரிகாலத்தில் சருகுக்குள் சுருண்டு கிடக்கும் கண்ணாடி விரியனைத் தவறவிட இதுவே போதும். ஈசல் முகத்தில் மொய்ப்பது வேறு தொல்லை.

கைடோர்ச்சை இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் ஒளி சாய்வாக விழும். சிறு மேடுகூட நிழலோடு எழுந்து நிற்கும். உடம்பிலிருந்து தள்ளியும் பிடிக்கலாம். அப்போது வேலிக்கு அப்பால் நிற்பவருக்கு வெளிச்சம் தெரியும், நீங்கள் நிற்கும் இடம் சரியாகப் பிடிபடாது. தலைவிளக்கோ உங்கள் தலை இருக்கும் இடத்தையே காட்டிக்கொடுக்கிறது.

வாங்கும்போது விசையைப் பாருங்கள். பின்முனையில் இருந்தால், உலக்கையைப் பற்றுவதுபோல் மூடிப் பிடித்துப் பெருவிரலால் அழுத்தலாம். பக்கவாட்டில் இருந்தால் இருட்டில் தடவவேண்டிவரும்.

என் தெரிவு கைடோர்ச்தான். மின்தடையில் சமைக்க மட்டும் தலைவிளக்கு. ஆள் நடமாட்டம் என்று பட்டால் இரண்டையும் எடுக்காதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு பொலிஸ் அவசர இலக்கமான 119-ஐ அழையுங்கள்.