கூப்பிட்டால் வருபவரா, மனுவை விடாமல் விரட்டுபவரா? மலையில் யாருக்கு ஓட்டு

தேர்தல் வந்தால் நீலகிரியில் எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் டீக்கடைப் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவர் வேண்டும் என்பார்கள் சிலர், ஆபீசில் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்பார்கள் மற்றவர்கள். 2019 ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் கிட்டத்தட்ட இந்த இரண்டு விதமான ஆட்கள்தான் நின்றார்கள். நான் இரண்டாமவருக்குப் போட்டேன், அவர்தான் ஜெயித்தார். இனிமேலும் அப்படிப்பட்டவருக்குத்தான் போடுவேன்.

பணம் கொடுப்பவர், குற்ற வழக்கு உள்ளவர் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்களின் சொத்தும் வழக்கும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கின்றன, தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம்.

ஓடி வருகிறவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ராத்திரி எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு லைனுக்குள் யானை வந்தால் வனத்துறைக்குப் போன் போடுவார், மழையில் மண் சரிந்தால் ஜேசிபிக்கு ஆள் பிடிப்பார், பிரசவ வலி என்றால் ஜீப்போடு நிற்பார். மலையில் இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆனால் அவசரம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

சமவெளியில் நிதி வந்தால் பெரும்பாலும் வேலை தொடங்கிவிடும். இங்கே நிதி வந்த பிறகுதான் கேள்வியே ஆரம்பிக்கும். அந்த இடம் காடா, வருவாய் நிலமா, இல்லை பழைய ஜமீன் மாதிரியான ஜென்ம நிலங்களை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவில் இழுபறியில் கிடக்கும் நிலமா என்று ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீசைக் கை காட்டும், அதற்குள் அதிகாரி மாறிப் போவார், புதிதாக வந்தவர் "அப்படி எதுவும் இங்கே இல்லையே" என்பார், நாம் மறுபடி முதலிலிருந்து மனு எழுத வேண்டும்.

எங்கள் வார்டில் பணியர் பழங்குடியினரின் பாடி (குடியிருப்பு) ஒன்றுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு ரொம்ப காலமாக அலைந்தார்கள். "ஃபாரஸ்ட் விடாது" என்பதே எல்லோருடைய பதிலும். நான் ஓட்டுப் போட்ட அந்தப் புதிய உறுப்பினர் கேட்டது ஒன்றுதான்: "விடாதுன்னு எழுத்துல குடுத்திருக்காங்களா?" யாரிடமும் அப்படி ஒரு காகிதம் இல்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவை அவர் அச்செடுத்து வைத்திருந்தார். குடிநீர்க் குழாய், சாலை, அங்கன்வாடி போன்றவற்றுக்கு, வெட்ட வேண்டிய மரங்கள் ஹெக்டேருக்கு 75க்கு மேல் போகாமல் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு தர அது வழி செய்கிறது. குழாய் போகும் நீளம், வழியில் உள்ள மரங்கள் எல்லாவற்றையும் எழுதி ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானம் போட வைத்தார். மனு கொடுத்த இடத்திலெல்லாம் ரசீது வாங்கி ஒரு நீலக் கோப்பில் குத்தி வைத்தார். நடுவில் அதிகாரி மாறினார். "ஃபைல் இல்லை" என்ற பதில் வந்ததும் நீலக் கோப்பைத் திறந்து முத்திரை போட்ட நகலை மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். வேலை நகர்ந்தது, குழாயும் வந்தது.

போனில் "சொல்லிட்டேன், ஆயிடும்" என்பவரிடம் இந்த நகல் இருக்காது. சொன்னவரும் கேட்டவரும் மாறிவிட்டால் சொன்ன சொல் யார் கணக்கில் நிற்கும்?

குறையும் உண்டு. எங்கள் உறுப்பினர் சாவு வீட்டுக்குக்கூட நேரத்துக்கு வர மாட்டார், பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

எம்.பி. தேர்தலுக்கும் இதே அளவுகோல் சரிப்படுமா என்றால், அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நான் கிட்ட இருந்து பார்த்தது ஊராட்சி வரைக்கும்தான். நீலகிரித் தொகுதியில் ஊட்டி, குன்னூர், கூடலூரோடு மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகரும் சேர்ந்திருக்கின்றன. பச்சைத் தேயிலை விலைப் பிரச்சினையோ தேயிலை வாரியம் வழியாக டெல்லிக்குப் போகிறது. அங்கே கோப்பை விடச் செல்வாக்கு அதிகம் வேலை செய்யலாம்.

ஊராட்சி அளவில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2019இல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது. அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள், வாக்குறுதி எல்லோரும் தருவார்கள். இதுவரை எந்த மனுவைக் கடைசி வரைக்கும் விரட்டினீர்கள் என்று கேளுங்கள், ரசீதையும் காட்டச் சொல்லுங்கள்.