டேக் இட் டவுன்: பேச இயலாத பிள்ளைக்கு எந்த அளவுக்கு உதவும்?

பதினெட்டு வயது நிறையாத ஒருவரின் அந்தரங்கப் படமோ காணொளியோ இணையத்தில் பரவிவிட்டால், அல்லது பரப்பிவிடுவேன் என்று எவரேனும் மிரட்டினால், அதைத் தடுக்க உதவும் இலவசச் சேவை ‘டேக் இட் டவுன்’. காணாமற்போன, சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் 2023 பிப்ரவரியில் இதை அறிமுகப்படுத்தியது. நம் ஊரிலிருந்தும் பயன்படுத்தலாம். மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் என்ற முறையில், என் வகுப்பில் இருப்பவர்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இது பயன்படுமா என்பதையே முதன்மையாகப் பார்த்தேன்.

இதன் பெரிய பலம், வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை என்பது. குழந்தைகள் உதவி எண்ணான ‘1098-ஐ அழையுங்கள்’ என்று நாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். காது கேளாத பிள்ளைக்கோ, பேச்சு தெளிவில்லாத பிள்ளைக்கோ தொலைபேசியே முதல் தடை. அவர்களுக்காக வேறொருவர் பேச வேண்டியிருக்கிறது, சில வீடுகளில் பிள்ளை அஞ்சுவதே அந்த ஒருவருக்குத்தான். இங்கே பெயரைச் சொல்லாமலே படத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். படம் கைப்பேசியை விட்டு வெளியே போவதில்லை. அதன் கைரேகை போன்ற ஓர் எண்கோவை மட்டும் அங்கேயே உருவாகி அனுப்பப்படுகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்று திட்டத்தில் இணைந்துள்ள தளங்கள் அதனுடன் ஒத்துப்போகும் படங்களைத் தேடி நீக்குகின்றன. அந்தப் படத்தை இன்னொரு மனிதர் பார்க்க வேண்டியதில்லை என்பது, கூனிக்குறுகி நிற்கும் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையால் இதைத் தனியாகப் பயன்படுத்த முடியாது. பெரும்பாலும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எழுத்தாகவே இருக்கிறது. நம்பிக்கைக்குரிய பெரியவர் உடனிருந்து செய்யலாம் என்பதால் இக்குறையை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். இதைவிடக் கவலை தருவது வேறொன்று. வீடியோ அழைப்பில் பிள்ளையை ஆடை களையச் சொல்லி, மறுமுனையில் இருப்பவனே பதிவுசெய்துகொண்டால், அந்தப் பதிவு பிள்ளையின் கைப்பேசியில் இருக்காது. கோப்பு இல்லாமல் எண்கோவை உருவாகாது. வாட்ஸ்அப் உரையாடல்களுக்குள்ளும் இச்சேவையின் கை எட்டாது. படத்தை வெட்டியோ மாற்றியோ பரப்பினால், அதற்குத் தனியாக மறுபடியும் பதிய வேண்டும்.

படம் நீங்கிவிட்டதென்று பெரியவர்கள் அத்துடன் நின்றுவிடவும் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அப்போது வாக்குமூலம் பதிய, பிள்ளையின் தொடர்பு முறையை அறிந்தவரின் அல்லது சிறப்பாசிரியரின் உதவியைப் பெற 26-ஆம் பிரிவு இடமளிக்கிறது. காவல் நிலையத்தில் இதைப் பெற்றோரே எடுத்துச்சொல்லிக் கேட்கலாம். மிரட்டியவனின் கணக்குப் பெயரையும் உரையாடலையும் அழிக்காமல் வையுங்கள். ஆதாரம் என்று எண்ணி அந்தப் படத்தை உங்கள் கைப்பேசிக்கோ உறவினருக்கோ அனுப்பாதீர்கள். அப்படிப் பகிர்வது சட்டச் சிக்கலில் கொண்டுபோய்விடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நடந்ததைப் பிள்ளை நம்மிடம் தெரிவிக்க வேண்டுமே! அதற்கு இச்சேவையில் வழியில்லை, அது இதன் வேலையும் அன்று. அறிவிப்பு ஒலித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கும் பிள்ளையிடம் ‘ஏன் அனுப்பினாய்?’ என்று கேட்டால், அடுத்த முறை அந்தச் சிறு சைகையும் நமக்குக் கிடைக்காது. கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதையும் பிள்ளை தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். படங்களைத் தொட்டுக்காட்டிப் பேசும் பிள்ளைகளின் பலகையில் ‘தண்ணீர்’, ‘கழிப்பறை’, ‘வலிக்கிறது’ எல்லாம் இருக்கின்றன. ‘படம் கேட்டான்’, ‘யாரிடமும் சொல்லாதே என்றான்’, ‘பயமாக இருக்கிறது’ ஆகியவற்றையும் அந்தரங்க உறுப்புகளின் பெயர்களையும் நான் பார்த்த பலகைகளில் தேட வேண்டியிருந்தது. இச்சேவையைப் பெற்றோரும் ஆசிரியர்களும் இன்றே ஒருமுறை திறந்து பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். அதே நாளில் அந்தப் பலகையில் இந்தச் சொற்களையும் சேர்த்துவிடுங்கள்.