வேலூரிலேயே எம்.ஏ. ஆங்கிலமா, ரயிலேறிப் போய் மொழியியலா?

பி.ஏ. ஆங்கிலம் முடிக்கும்போது எங்கள் வகுப்பில் மொழியியல் பிடித்துப்போனவர்கள் இரண்டே பேர். நான் ஒருத்தி, குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன என் தோழி இன்னொருத்தி. அவள் வேலூரிலேயே எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தாள். நான் மொழியியல் எம்.ஏ. படிக்கக் காட்பாடியில் ரயிலேறி ஹைதராபாத் போனேன். எட்டு வருடம் ஆகிவிட்டது. வருடம் தவறாமல் யாராவது ஒரு பெண் போன் போட்டு, "அக்கா, எதுல சேரட்டும்?" என்று கேட்கிறாள். போனில் துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

உள்ளூர் எம்.ஏ. ஆங்கிலத்தில் பெரும்பகுதி இலக்கியம்தான். மொழியியலுக்கும் ஆங்கிலம் கற்பித்தலுக்கும் ஒன்றிரண்டு தாள் கிடைக்கும். தோழியின் வகுப்பில் அந்தத் தாளை நோட்ஸ் சொல்லி எழுத வைத்தே முடித்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் 44 ஒலி, அதில் உயிர் 20, மெய் 24 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். ஆனால் ஒரு மனிதர் பேசுவதைப் பதிவு செய்து, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிய அனுபவம் அவளுக்கு இல்லை.

எனக்கு முதல் மாதத்திலேயே கொடுத்த வேலை அதுதான். உங்கள் வீட்டுப் பேச்சை ஐந்து நிமிடம் பதிவு செய்து, ஒலிக்குறியீட்டில் எழுதிக் கொண்டு வா என்றார்கள். அணைக்கட்டில் இருக்கும் பாட்டிக்குப் போன் போட்டேன். "இன்னா கண்ணு பண்ணிகினு கீற, சாப்டியா?" என்று ஆரம்பித்து, மாடு, மழை, மாமா சண்டை எல்லாம் வந்தது. அந்த ஐந்து நிமிடத்தை எழுத இரண்டு ராத்திரி ஆனது. மறுநாள் ஆசிரியர் 'கீது' என்ற சொல்லைப் பலகையில் எழுதினார். 'இருக்கிறது' எப்படித் தேய்ந்து அங்கே வந்து நின்றது, எந்த ஒலி எங்கே விழுந்தது என்று முழு வகுப்பும் அரை மணி நேரம் பேசியது. பள்ளிக்கூடத்தில் 'கீது' சொன்னதற்காகத் தலையில் குட்டு வாங்கியவள் நான். பலகையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒலியை அளக்க 'ப்ராட்' என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் உருவாக்கியது, டச்சு மொழியில் 'பேச்சு' என்று பொருள். அப்பாவிடம் "ப்ராட் கத்துக்கிறேன்பா" என்றதும், "இதுக்கா அவ்ளோ தூரம் அனுப்பினேன்?" என்று கேட்டார்.

பிழைகளைப் பார்க்கும் விதத்தில்தான் இரண்டு படிப்பும் அடியோடு மாறுகின்றன என்பேன். ஆங்கிலத் துறையில் பிழை என்றால் சிவப்பு மை. மொழி கற்பித்தல் போன்ற வேலைகளுக்கு உதவும் பயன்பாட்டு மொழியியலில் அதுதான் கையில் கிடைக்கும் சரக்கு. தாய்மொழியும் புதுமொழியும் எங்கெங்கே வேறுபடுகின்றனவோ அங்கெல்லாம் மாணவர் இடறுவார் என்று 1957-இல் ராபர்ட் லாடோ என்ற மொழியியலாளர் சொன்னார். பிழைகளும் ஓர் ஒழுங்கோடுதான் வருகின்றன, மாணவர் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவை காட்டும் என்று 1967-இல் பிட் கார்டர் என்ற இன்னொரு மொழியியலாளர் எழுதினார். தாய்மொழிக்கும் புதுமொழிக்கும் நடுவில் மாணவர் மனதில் உருவாகும் அந்த மொழிக்கு லாரி செலிங்கர் 1972-இல் 'இடைமொழி' என்று பெயர் வைத்தார்.

இதைச் சோதிக்க வேலூர்ப் பக்கத்தை விடத் தோதான இடம் எது? ஒரே பெஞ்சில் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை உட்கார்ந்திருக்கும். விடுமுறையில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் நோட்டுகளைத்தான் வாங்கிப் பார்த்தேன். முதுகும் 'பேக்', தோளில் மாட்டும் பையும் 'பேக்'. தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது, இதோ நானே இங்கு எழுதிக் காட்ட முடியவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போதும் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தார்கள். தெலுங்கிலும் உருதுவிலும் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து இருப்பதால் அந்தப் பிள்ளைகள் அதில் அவ்வளவாக இடறவில்லை. சரி, லாடோ ஜெயித்தார் என்று நினைத்தேன். ஆனால் 'கோ' என்பதன் இறந்தகாலம் 'வென்ட்' என்பதை மறந்து, 'கோ'வுடன் 'எட்' சேர்த்து மூன்று வீட்டுப் பிள்ளைகளும் எழுதியிருந்தார்கள். அந்தப் பிழைக்குத் தாய்மொழி கிடையாது. எம்.ஏ. முழுக்கப் படித்ததில் இந்த இரண்டு பக்கம்தான் இன்னும் மனதில் நிற்கிறது.

இனி சோறு போடும் விஷயம். இங்கே தோழிதான் ஜெயித்தாள், அதில் சந்தேகமே இல்லை. எம்.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் இருந்ததால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதினாள், பேரணாம்பட்டுப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை. என்னால் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மேல்நிலைப் பள்ளியில் மொழியியல் என்று ஒரு பாடமே இல்லையே. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் மொழியியல் தனிப்பாடம்தான், ஆனால் தேறினாலும் வேலை தரும் மொழியியல் துறைகள் குறைவு. கணினிக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும் வேலைகள் இருக்கின்றன. 2022-இல் ஒன்றிய அரசு இந்திய மொழிகளுக்கான கணினி மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷிணியைத் தொடங்கிய பிறகு குரல் பதிவு, மொழிபெயர்ப்புத் தரவு என்ற பேச்சும் கூடியது. நானும் அந்த வேலைதான் செய்கிறேன். முதலில் சேர்ந்த நிறுவனம் கோப்புக்கு இவ்வளவு என்று பேசி, மூன்று மாதம் பணம் தராமல் இழுத்தடித்தது.

நடுவில் ஒரு வழி சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை திராவிட மொழிகள், பழங்குடி மொழிகளின் ஆய்வுக்குப் பேர்பெற்றது. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கும் இலக்கணத்தில் ருசி உள்ளவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகப் பஸ்ஸிலேயே போய்விடலாம். மொழி கற்பித்தல், மொழிபெயர்ப்பு என்று பயன்பாட்டுப் பக்கம் சாய்பவர்களுக்கு ஹைதராபாத். அங்கே மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனி மையம் இருக்கிறது. அதே ஊரில் 1958-இல் ஆங்கில ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய நிறுவனம் இன்று இஃப்ளு (ஆங்கிலம், அயல்மொழிகள் பல்கலைக்கழகம்) என்ற தனிப் பல்கலைக்கழகம்.

விடுதிச் சாப்பாட்டுக்கும் வெயிலுக்கும் பழக எனக்கு ஒரு வருடம் ஆனது. வாணியம்பாடியிலிருந்து வந்த அறைத்தோழிக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆட்டோக்காரர் கூலி சொன்னதும் "நக்கோ பாய்" (வேண்டாம் பாய்) என்றாள், அவர் தன் ஊர்ப்பெண் என்றே நினைத்துவிட்டார். வீட்டில் பேசிய தக்னி, அதாவது தக்காண உருது, அங்கே அவளுக்குச் சொந்த ஊராகிவிட்டது.

இன்னொன்று. மொழியியல் படித்தால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலை கிடைக்குமா என்று அத்தை முதல் அடுத்த வீட்டுக்காரர் வரை கேட்பார்கள். கிடைக்காது. அதற்கு பிளஸ் டூவில் அறிவியல் எடுத்து, கேட்பியல், பேச்சுமொழி நோயியலில் நான்கு வருடப் பட்டம் படித்து, மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிய வேண்டும். சேரும் முன்பே வீட்டில் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

போன வாரம் ஆற்காட்டிலிருந்து ஒரு பெண் பேசினாள். வீட்டில் இரண்டு வருடத்துக்குள் சம்பளம் வேண்டுமா என்று முதலில் கேட்டேன். ஆமாம் என்றால் வேலூரிலேயே சேர்ந்து பி.எட். முடி, மொழியியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். இல்லை என்றால், உன் பாட்டி பேசுவதை ஐந்து நிமிடம் பதிவு செய்து, காதில் விழுந்தபடியே எழுதிப் பார், அலுப்பு தட்டவில்லை என்றால் கிளம்பு என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பாட்டி தெலுங்குதான்கா பேசும், பரவால்லியா?" என்று கேட்டாள்.